அக்சிடென்ஸ்னா ஆக்சிடென்ட் இல்ல: ஒரே லத்தீன் சொல்லு பாக்குற ரெண்டு வேலை

சாஃப்ட்வேர் ஆளுங்க பேச்சுல "ஆக்சிடென்டல் காம்ப்ளெக்ஸிட்டி"ன்னு ஒண்ணு அடிக்கடி வரும், ஏஐ கோட் எழுத ஆரம்பிச்சதுலேருந்து இன்னும் அதிகமாவே வருது. கேட்டதும் நிறைய பேரு, யாரோ கவனக்குறைவா பண்ணின தப்பால வந்த சிக்கல்னு எடுத்துக்குறாங்க. கடவுள் இருக்காரா இல்லையாங்கிற வாதத்துல 13ஆம் நூற்றாண்டு கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பேரு வந்தா பின்னாடியே "பெர் அக்சிடென்ஸ்"னு வரும், அதை "தற்செயலா"ன்னு மொழிபெயர்த்துட்டுப் போயிடுறாங்க, அதோட அந்த வாதமே வேற எதுவோ ஆயிடுது. அப்பமும் ரசமும் வெச்சு நடக்குற கத்தோலிக்கச் சடங்கான நற்கருணை பத்தின சண்டையைப் படிச்சாலும் இதே சொல்லுதான் நிக்குது.

மூணு இடத்துலயும் இருக்குறது ஒரே லத்தீன் சொல்: அக்சிடென்ஸ். இதுக்கு விபத்துன்னு அர்த்தம் கிடையாது. தற்செயல்ங்கிறது கால்வாசி உண்மை. "முக்கியமில்லாதது"ங்கிறது சுத்தத் தப்பு. இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் என்னன்னா இந்த ஒரு சொல்லு ரெண்டு தனித்தனி வேலை பாக்குது, எந்த இடத்துல எந்த வேலைன்னு பிரிச்சுப் பாக்காம விட்டா கடைசி வரைக்கும் புரியாது.

சொல்லு எங்கேருந்து வந்துச்சு

ஆரம்பம் கிரேக்கத்துல. அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) பயன்படுத்தின சொல் சிம்பெபேகோஸ், அதோட நேரடி அர்த்தம் "கூட வந்து சேர்ந்தது". ரோமர்கள் இதை லத்தீனுக்குக் கொண்டுவந்தப்போ "விழுறது"ங்கிற அர்த்தம் உள்ள காதெரேங்கிற வினையோட "மேல"ங்கிற அர்த்தம் வர்ற ஆட்-ஐ சேர்த்தாங்க, மேல வந்து விழுந்தது, அதாவது நேர்ந்தது. நாமளும் "இந்த வேலை என் தலையில வந்து விழுந்துச்சு"ன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அதே உருவகம். ஒருமையில அக்சிடென்ஸ், பன்மையில அக்சிடென்ஷியா. 6ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல போயத்தியஸ்ங்கிற ரோமானிய அறிஞர் அரிஸ்டாட்டிலோட தர்க்க நூல்களை லத்தீன்ல மொழிபெயர்த்து உரையும் எழுதினாரு, ஐரோப்பாவுல அடுத்த பல நூறு வருஷத்துக்கு இந்தச் சொல் நிலைச்சு நின்னதுக்கு அவரோட அந்த உழைப்புதான் பெரிய காரணம்.

ஆங்கிலத்துல இதே வேர்லேருந்து வந்த ஆக்சிடென்ட் முதல்ல வெறும் "நேர்ந்த சம்பவம்"னுதான் இருந்துச்சு, அப்புறம்தான் கெட்ட சம்பவமா சுருங்கி, கடைசியில ரோட்டுல வண்டி மோதுறதா நம்ம பேச்சுக்குள்ள வந்து சேர்ந்துச்சு. தத்துவச் சொல்லு அந்த வழியில போகவே இல்ல.

முதல் வேலை: ஒரு கன்னுக்குட்டிய வெச்சுப் பாப்போம்

தொழுவத்துல பிறந்து பத்து நாளான ஒரு கன்னுக்குட்டி இருக்கு. "இது என்ன?"ன்னு கேட்டா பதில் ஒண்ணுதான், மாட்டுக் கன்னு. இந்த "என்ன"ங்கிற கேள்விக்குப் பதிலா நிக்குறதை அரிஸ்டாட்டில் ஊசியான்னாரு, லத்தீன்ல சுப்ஸ்தான்சியா, நாம பொருள்னு வெச்சுக்கலாம். அது போக அந்தக் கன்னைப் பத்தி நாம சொல்ற மத்ததெல்லாம் ஒன்பது வகைக்குள்ள அடங்கும்ங்கிறது அவரோட "கேட்டகரீஸ்" நூலோட கணக்கு:

1. எவ்வளவு: எடை 25 கிலோ.
2. எப்படிப்பட்டது: செவலை நிறம், நெத்தியில வெள்ளைச் சுட்டி.
3. எதோட என்ன உறவு: அந்தக் கறவை மாட்டோட மூணாவது ஈத்துக் கன்னு.
4. எங்க: தொழுவத்துல.
5. எப்ப: இன்னைக்குக் காலையில.
6. எந்த நிலையில: காலை மடக்கிப் படுத்திருக்கு.
7. எதை அணிஞ்சிருக்கு: கழுத்துல மணி. அரிஸ்டாட்டில் சொன்ன உதாரணம் செருப்பும் கவசமும்.
8. என்ன செய்யுது: கொஞ்ச நேரத்துல எழுந்து மடியை முட்டும்.
9. எதுக்கு ஆளாகுது: தாய் மாடு நக்கிக்கொடுக்கும்போது நக்கப்படுது.

இந்த ஒன்பதும் அக்சிடென்ஷியா. இதுங்களுக்குப் பொதுவான அடையாளம், எதுவும் தனியா நிக்காது. 25 கிலோங்கிறது தனியா தொழுவத்துல நடமாடி யாரும் பாத்ததில்ல, செவலை நிறம்னா ஏதாவது ஒண்ணோட செவலையாத்தான் இருக்கணும். கன்னு அப்படி இல்ல, அது இன்னொண்ணோட கன்னுத்தன்மையா ஒட்டிக்கிட்டு இருக்கல, தானா இருக்கு. நாளைக்கு எடை 26 ஆகும், நிறம் கொஞ்சம் கறுக்கும், கன்னு அதே கன்னு. ஒரே பொருள் எதிரெதிரான தன்மைகளை மாறி மாறி ஏத்துக்கிட்டும் அதே பொருளா இருக்குங்கிறதைத்தான் அரிஸ்டாட்டில் பொருளோட முக்கிய அடையாளமா சொல்றாரு.

இங்க ஒண்ணு கவனிக்கணும், அக்சிடென்ஸ்னா "இல்லாட்டியும் பரவாயில்ல"ன்னு அர்த்தம் வரல. எடையே இல்லாத கன்னுக்குட்டி கிடையாது, இந்த எடைதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அவ்வளவுதான். எடை பத்து கிலோ குறைஞ்சா கால்நடை டாக்டரைக் கூப்பிட ஓடுவோம், அவ்வளவு முக்கியமான விஷயமும் இந்த வகைப்பாட்டுல அக்சிடென்ஸ்தான். இந்த முதல் வேலையில கேள்வி முழுக்க முழுக்க "இது தன்னால இருக்கா, இன்னொண்ணுல இருக்கா"ங்கிறது மட்டும்தான்.

லத்தீன் இலக்கணத்துக்காரங்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கிட்டாங்க. 4ஆம் நூற்றாண்டுல டொனாட்டஸ் எழுதின பாடப்புத்தகம் கேள்வி-பதிலா போகும், "பெயர்ச்சொல்லுக்கு எத்தனை நேர்கின்றன?"னு கேட்டு ஆறுன்னு பதில் சொல்லி, அதுல பால், எண், வேற்றுமை எல்லாம் வரிசையா வரும். வேற்றுமைக்கு அவங்க சொல்ற காசுஸ்ங்கிற சொல்லும் அதே "விழுறது"ங்கிற வேர்தான்.

ரெண்டாவது வேலை: சொல்ற விதத்தைப் பிரிக்கிறது

"டாபிக்ஸ்"ங்கிற நூல்ல அரிஸ்டாட்டில் வேற ஒரு கேள்வி கேக்குறாரு. ஒண்ணைப் பத்தி நாம ஒரு விஷயம் சொல்றோம், சொன்னது அதோட எவ்வளவு ஆழமா ஒட்டியிருக்கு? வரையறையா, இனமா, அதுக்கே உரிய தனித்தன்மையா, இல்ல சும்மா வந்து சேர்ந்ததா? இந்த நாலாவதுதான் இங்க அக்சிடென்ஸ். 3ஆம் நூற்றாண்டுல போர்ஃபிரிங்கிற தத்துவஞானி இதைச் சீர்பண்ணி அஞ்சாக்கினாரு, "இசகோகே"ங்கிற அந்தச் சின்ன அறிமுக நூல் ஐரோப்பாவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல தர்க்கம் படிக்கப்போன பசங்களுக்கு முதல் பாடமா இருந்துச்சு. மனுஷனை உதாரணமா வெச்சா:

1. இனம்: மனுஷன் ஒரு உயிரினம்.
2. வேறுபடுத்துற தன்மை: பகுத்தறிவு உள்ளது.
3. வகை: ரெண்டும் சேர்ந்து வர்றது, மனுஷன்.
4. தனித்தன்மை, லத்தீன்ல ப்ரோப்ரியம்: சிரிக்கக்கூடியது. இது வரையறையில இல்ல, ஆனா மனுஷன் எல்லாருக்கும் உண்டு, மனுஷனுக்கு மட்டும்தான் உண்டு.
5. அக்சிடென்ஸ்: தூங்கிக்கிட்டு இருக்கான், உக்காந்திருக்கான், வெயில்ல கறுத்திருக்கான்.

போர்ஃபிரி கொடுத்த விளக்கம், பொருள் அழியாமலே வரவும் போகவும் கூடியது அக்சிடென்ஸ். உடனே ஒரு கேள்வி வரும், காக்காவோட கறுப்பு போகவே போகாதே, அப்ப அது அக்சிடென்ஸ் இல்லையா? அதையும் அவரே யோசிச்சு வெச்சிருக்காரு. பிரியக்கூடிய அக்சிடென்ஸ், பிரியாத அக்சிடென்ஸ்னு ரெண்டு உண்டு, தூக்கம் பிரியும், காக்காவோட கறுப்பு பிரியாது, ஆனாலும் வெள்ளையான ஒரு காக்காவை நினைச்சுப் பாத்தா அது காக்காங்கிறது அழியலையே, அதனால கறுப்பு அக்சிடென்ஸ்தான். நம்ம ஊர்ல நடக்காத கதைய "வெள்ளைக் காக்கா பறக்குது"ன்னு சொல்லுவோம், ஆனா நிறமி இல்லாமப் பிறக்குற வெள்ளைக் காக்கா நிஜமாவே உண்டு, அதைப் பாக்குற யாரும் "இது காக்கா இல்ல"ன்னு சொல்றதில்ல. போர்ஃபிரிக்கு மனசுல நினைச்சுப் பாத்தாலே போதும்னு இருந்துச்சு, இயற்கை அவருக்குச் சாட்சியே கொண்டுவந்து நிறுத்துது.

ரெண்டும் எங்க முட்டிக்குது

இப்ப மேல உள்ள சிரிக்கிற திறமைய எடுங்க. முதல் வேலையில பாத்தா அது அக்சிடென்ஸ், ஏன்னா அது தனியா நிக்காது, ஒரு மனுஷனுக்குள்ள இருக்குற தன்மை. ரெண்டாவது வேலையில பாத்தா அது அக்சிடென்ஸ் இல்ல, ப்ரோப்ரியம். ஒரே விஷயம் ஒரு கணக்குல ஆமா, இன்னொரு கணக்குல இல்ல, ரெண்டும் சரி. முதல் ஜோடி பொருளும் அக்சிடென்ஸும், ரெண்டாவது ஜோடி சாராம்சமும் (ஒண்ணு எதுவோ அதுவா இருக்க அவசியமானது) அக்சிடென்ஸும். இந்த ரெண்டு ஜோடியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டுத்தான் "அக்சிடென்ஸ்னாலே மாறக்கூடியது"ன்னு பலரும் எழுதுறாங்க.

அரிஸ்டாட்டிலுக்கே இது தெரிஞ்சிருக்கு. "மெட்டாஃபிசிக்ஸ்" 5ஆம் புத்தகம் 30ஆம் அத்தியாயத்துல இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் தர்றாரு. முதல் அர்த்தத்துக்கு உதாரணம், செடி வைக்கக் குழி தோண்டுறவன் கையில புதையல் கிடைக்கிறது, புதையல் குழி தோண்டுறதால அவசியமா வர்றதில்ல, பெரும்பாலும் வர்றதும் இல்ல. ரெண்டாவதுக்கு உதாரணம் முக்கோணம், அதோட கோணங்களைக் கூட்டினா ரெண்டு செங்கோணம் வரும், 180 டிகிரி. இது முக்கோணத்தோட வரையறையில இல்ல, மூணு கோட்டால அடைபட்ட உருவம்னு மட்டும்தான் வரையறை சொல்லும், ஆனா அந்த வரையறையிலேருந்து தப்பாம இது வந்தே தீரும். இதையும் அவரு சிம்பெபேகோஸ்னுதான் சொல்றாரு, இது என்னைக்கும் மாறாம இருக்கலாம்னும் சேர்த்தே சொல்றாரு. கணக்குல நிரூபிச்ச ஒரு தேற்றம் "தற்செயல்"னா எப்படி இருக்கும்? அதனாலதான் தற்செயல்ங்கிற மொழிபெயர்ப்பு கால்வாசி உண்மைன்னு சொன்னேன்.

பெர் சே, பெர் அக்சிடென்ஸ்

பெர் சேன்னா "தன்னாலயே", பெர் அக்சிடென்ஸ்னா "கூட வந்து சேர்ந்ததால". அரிஸ்டாட்டிலோட உதாரணமே இங்க தெளிவா இருக்கு. ஒரு கொத்தனாருக்கு வைத்தியமும் தெரியும், அவரு ஒருத்தருக்கு நோயைக் குணப்படுத்தினாரு. "கொத்தனார் குணப்படுத்தினாரு"ன்னு சொன்னா அது பொய் இல்ல, ஆனா கொத்தனாரா இருந்ததால குணப்படுத்தல, வைத்தியம் தெரிஞ்சவரா இருந்ததால குணப்படுத்தினாரு, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்திருக்கு. அப்ப அவரு கொத்தனாருங்கிற முறையில குணப்படுத்தினது பெர் அக்சிடென்ஸ். அவரு வேணும்னேதான் வைத்தியம் பாத்தாரு, தற்செயலா நடந்தது ஒண்ணுமே இல்ல, இருந்தும் பெர் அக்சிடென்ஸ்தான்.

இதுலேருந்து அரிஸ்டாட்டில் ஒரு பெரிய முடிவுக்குப் போறாரு, பெர் அக்சிடென்ஸா இருக்குறதைப் பத்தி ஒரு சாஸ்திரம் இருக்க முடியாது. வீடு கட்டுற கலை கொத்தனாருக்கு இருக்குற மத்த ஆயிரம் தன்மைகளை ஆராயாது, ஆராயவும் கூடாது, அதுக்கு எல்லையே இல்ல. எது எதனால எப்பவும் அல்லது பெரும்பாலும் நடக்குதோ அதுதான் அறிவுக்குப் பிடிபடும்.

இதைப் பிரிக்காம விட்டா வர்ற தர்க்கப்பிழைக்கு ஃபல்லாசியா அக்சிடென்டிஸ்னு பேரு. பழைய உதாரணம்: கொரிஸ்கஸ் சாக்ரடீஸ்லேருந்து வேற ஆள், சாக்ரடீஸ் ஒரு மனுஷன், அதனால கொரிஸ்கஸ் மனுஷன்லேருந்து வேற. கேட்டா அபத்தம்னு உடனே தெரியுது, ஆனா "அந்த ஆளு திருடன், அந்த ஆளு இன்ன ஊர்க்காரன், அப்ப அந்த ஊர்க்காரனுங்களே திருடனுங்க"ன்னு தினமும் வாட்ஸ்அப்புல வர்றதும் கிட்டத்தட்ட இதே வீட்டுப் பிள்ளைதான், அங்க மட்டும் நமக்கு அபத்தம் கண்ணுல படமாட்டேங்குது. திருடினது அந்த ஊர்க்காரங்கிற முறையில இல்ல.

"முதல் காரணம்" வாதத்துல நடக்குற குழப்பம்

அக்குவினாஸ் (1225–1274) சொன்னதா பரவலா சுத்துற கதை இதுதான்: எனக்கு அப்பா, அவருக்கு அப்பா, இப்படிப் பின்னாடி போய்க்கிட்டே இருந்தா எங்கேயோ ஒரு ஆரம்பம் வேணும், அதுதான் கடவுள். எதிர்க்குறவங்க "ஏன், முடிவில்லாமப் பின்னாடி போகக்கூடாதா?"ன்னு கேப்பாங்க. வேடிக்கை இல்லாம சொல்றேன், அக்குவினாஸே அந்த எதிர்ப்பாளர் பக்கம்தான் நிக்குறாரு. காரணங்களோட வரிசை ரெண்டு வகைங்கிறாரு.

1. பெர் அக்சிடென்ஸ் வரிசை: ஒரு ஆசாரி சுத்தியலால அடிக்கிறாரு, அது உடையுது, அடுத்ததை எடுக்குறாரு, அதுவும் உடையுது. இப்ப கையில இருக்குற சுத்தியல் அடிக்கிறதுக்கு முந்தின சுத்தியல் தேவையே இல்ல. அப்பா பிள்ளை வரிசையும் இதே மாதிரி, ஒருத்தர் பிள்ளை பெத்துக்கிறது மனுஷனா இருக்குறதால, இன்னொருத்தரோட பிள்ளையா இருக்குறதால இல்ல, தாத்தா செத்து எவ்வளவு காலமானாலும் பேரன் அப்பா ஆகலாம். இந்த மாதிரி வரிசை முடிவில்லாமப் போறதுல தர்க்கப்படி தப்பு இல்லைங்கிறாரு.
2. பெர் சே வரிசை: கை கம்பை அசைக்குது, கம்பு கல்லை அசைக்குது. கை நின்ன அந்த நொடி கம்பும் நின்னுடும், கம்புக்குத் தன்னோட சொந்த அசைவு கிடையாது, கையிலேருந்து இப்பவே வாங்கிக்கிட்டு இருக்கு. இங்கதான் முதல்ல ஒண்ணு வேணும்னு சொல்றாரு.

உலகத்துக்கு ஒரு ஆரம்பம் இருந்துச்சுங்கிறதை வெறும் தர்க்கத்தால நிரூபிக்க முடியாது, அதை நம்பிக்கையாலதான் ஏத்துக்குறோம்னு அவரே எழுதியிருக்காரு. அவரோட வாதத்தை ஏத்துக்கணும்னு அவசியம் இல்ல, ரெண்டாவது வரிசையையே கேள்வி கேக்கலாம், நிறைய பேரு கேட்டிருக்காங்க. ஆனா "பெர் அக்சிடென்ஸ்"ங்கிற ஒரு சொல்லைத் தவறவிட்டுட்டு அவரு சொல்லாத வாதத்தை உடைச்சுட்டோம்னு நினைக்கிறது நியாயமே இல்ல.

அப்பமும் ரசமும்

இந்தச் சொல்லுக்காக உயிர் போன காலமும் இருந்துச்சு. 1215ல நாலாவது லேட்டரன் சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடி முடிவெடுக்குற பொதுக்கூட்டம்), நற்கருணையில அப்பமும் ரசமும் கிறிஸ்துவோட உடலாவும் இரத்தமாவும் பொருள் மாறுதுன்னு சொன்னுச்சு. பாத்தா அப்பம் அப்பமாத்தானே தெரியுது, ருசியும் அதேதானே? மேல பாத்த முதல் வேலைய வெச்சுத்தான் பதில்: பொருள் மாறிடுச்சு, நிறம், ருசி, மணம், அளவுங்கிற அக்சிடென்ஷியா அப்படியே இருக்கு.

சிக்கல் இங்கதான். தனியா நிக்காததுதான் அக்சிடென்ஸ்னா, அப்பம்ங்கிற பொருள் போனப்புறம் அந்த வெள்ளை நிறம் எதுல நிக்குது? கிறிஸ்துவோட உடல் வெள்ளையா வட்டமா இருக்குன்னு சொல்ல முடியாது. அக்குவினாஸ் ரெண்டு படியா பதில் சொன்னாரு. ஒண்ணு, அக்சிடென்ஸோட இலக்கணம் "இன்னொண்ணுல இருக்குறது" இல்ல, "இன்னொண்ணுல இருக்கவேண்டிய இயல்பு உள்ளது", அந்த இயல்பு போகாமலே கடவுள் அதைத் தாங்கிப் பிடிக்கலாம். ரெண்டு, அளவுங்கிற அக்சிடென்ஸ் மட்டும் பொருள் இல்லாம நிக்குது, நிறமும் ருசியும் அந்த அளவு மேல நிக்குது. நம்பிக்கையோ இல்லையோ, ஒரு இலக்கணத்துல ஒரே ஒரு சொல்லை மாத்திப் பெரிய கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கிற இந்த நுணுக்கத்தைப் பாத்து அசந்துபோகாம இருக்க முடியல.

ஆக்ஸ்ஃபோர்டுல இறையியல் சொல்லிக்கொடுத்த ஜான் விக்ளிஃப் இதை ஏத்துக்கல, அப்பத்தோட அக்சிடென்ஷியா பொருள் இல்லாம நிக்காதுன்னு சொன்னாரு. அவரு 1384ல செத்துப்போனதுக்கு அப்புறம் 1415ல கான்ஸ்டன்ஸ் சங்கம் இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தப்புன்னு தீர்ப்பு சொன்னுச்சு, 1428ல அவரோட எலும்பைத் தோண்டி எடுத்து எரிச்சாங்க. அதே கான்ஸ்டன்ஸ்ல 1415ல செக் பாதிரியார் யான் ஹுஸ்ஸை உயிரோட எரிச்சாங்க, அவரு மேல விழுந்த குற்றச்சாட்டுகள்ல விக்ளிஃபோட கருத்துங்களைப் பரப்பினதும் உண்டு. 1551ல ட்ரென்ட் சங்கம் தீர்மானம் எழுதினப்போ அக்சிடென்ஷியாங்கிற சொல்லைத் தொடாம, "தோற்றங்கள்"னு அர்த்தம் வர்ற ஸ்பெசியேஸ்ங்கிற சொல்லைப் போட்டுச்சு.

தமிழ்க் கத்தோலிக்கரோட பழைய ஞானோபதேசம்ங்கிற மறைக்கல்விப் புத்தகத்துலயும் ஜெபங்கள்லயும் வர்ற "அப்ப இரச குணங்கள்"ங்கிற தொடர் இதோட தமிழ் உருவம்தான், அந்தக் "குணங்கள்" நல்ல குணம் கெட்ட குணம் இல்ல, அக்சிடென்ஷியா.

சாஃப்ட்வேர்ல வந்து நின்ன கதை

ஐபிஎம் சிஸ்டம்/360 கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைய நடத்தின ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1986ல "நோ சில்வர் புல்லெட்"ங்கிற கட்டுரையில, அரிஸ்டாட்டில் பேரைச் சொல்லியே, சாஃப்ட்வேர் எழுதுறதுல உள்ள கஷ்டத்தை எசென்ஸ், ஆக்சிடென்ட்னு ரெண்டாப் பிரிச்சாரு. இது ரெண்டாவது வேலை, சாராம்சத்துக்கு எதிரான அக்சிடென்ஸ். வரி கணக்கு போடுற ஒரு புரோகிராமை எடுங்க. சட்டத்துல நூறு விதிவிலக்கு இருந்தா அந்த நூறையும் புரோகிராம் தெரிஞ்சு வெச்சிருக்கணும், எந்த மொழியில எழுதினாலும் அது போகாது, அது எசென்ஸ். அதை எழுதும்போது மெமரியைக் கையால ஒதுக்கி விடுவிக்கணும், பில்டு, அதாவது எழுதின கோடை ஓடுற புரோகிராமா மாத்துறது, முடிய அரைமணி நேரம் காத்திருக்கணும்னா அது ஆக்சிடென்ட், நல்ல டூல் வந்தா போயிடும்.

அவரோட கணக்கு ரொம்ப எளிமை: ஆக்சிடென்ட் மொத்த உழைப்புல பத்துல ஒன்பது பங்குக்கு மேல இருந்தாத்தான், அதை முழுசா பூஜ்யமாக்கினாலும் வேலை பத்து மடங்கு வேகமாகும். அவ்வளவு இல்லைங்கிறது அவரு கருத்து, அதனால அடுத்த பத்து வருஷத்துல எந்த ஒரு தனிக் கண்டுபிடிப்பும் பத்து மடங்கு முன்னேற்றம் தராதுன்னாரு. படிச்சவங்க ஆக்சிடென்ட்ங்கிற சொல்லைத் தப்பா பிடிச்சுக்கிட்டதால, 1995ல, நான் சொன்னது தற்செயலையும் இல்ல அசம்பாவிதத்தையும் இல்ல, கூடவே வர்றதைத்தான் சொன்னேன்னு விளக்கவேண்டி வந்துச்சு. இன்னைக்கு ஏஐ பத்தி நடக்குற வாக்குவாதமும் இந்தப் பங்கு எவ்வளவுங்கிறதைப் பத்தினதுதான், அது எசென்ஸையே தொடுதா, இல்ல ஆக்சிடென்டை மட்டும் தேய்க்குதாங்கிறது.

தமிழ்ல என்ன சொல்றது

"குணம்"னு சொன்னா கன்னுக்குட்டி பட்டியல்ல ரெண்டாவது வகை மட்டும்தான் மனசுல வரும், தொழுவத்துல இருக்குறதும் மணி கட்டியிருக்குறதும் குணம் ஆகாது. "தற்செயல்" முக்கோணத்துகிட்ட தோத்துப்போயிடும். வைணவ உரைகள்ல, இயல்பா இல்லாம வெளியிலேருந்து வந்து ஒட்டினதுக்கு "வந்தேறி"ன்னு ஒரு சொல் உண்டு, கூட வந்து சேர்ந்ததுங்கிற கிரேக்க வேருக்கு இவ்வளவு பக்கத்துல வர்ற வேற தமிழ்ச் சொல் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா அதுவும் காக்காவோட கறுப்புக்குப் பொருந்தாது, கறுப்பு எங்கேருந்தும் வந்து ஏறல. இப்ப அந்தச் சொல்லை மனுஷங்களைத் திட்டவும் பயன்படுத்துறாங்க, அதனால தத்துவத்துக்குத் திருப்பிக் கொண்டுவர்றதும் கஷ்டம்.

நான் மொழிபெயர்க்கும்போது இடத்தைப் பாத்து மாத்திக்குறேன். பொருளுக்கு எதிரா வந்தா "சார்ந்து நிற்பது", சாராம்சத்துக்கு எதிரா வந்தா "கூட வந்தது", பெர் அக்சிடென்ஸ் வந்தா ஒரு சொல்லுக்குள்ள அடைக்கிறதை விட்டுட்டு வாக்கியமாவே எழுதிடுறேன்: கொத்தனார் குணப்படுத்தினாரு, ஆனா கொத்தனாருங்கிற முறையில இல்ல.